இரண்டு கார்டுக்கு ஒரு பவர் சப்ளை

இரண்டு ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கிராஃபிக்ஸ் கார்டுகளை எஸ்எல்ஐயில், அதாவது இரண்டும் சேர்ந்து ஒரே விளையாட்டின் படத்தை வரையும் முறையில், ஓட்டவேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஒன்று என்னிடம் இருந்தது. மச்சான் புதிய கார்ட் வாங்கியதும் அவருடைய பழையது என்னிடம் வந்தது. எஸ்எல்ஐ பழைய காலத்து விஷயம்தான், 2021 தொடக்கத்தோடு என்விடியா இந்தக் கார்டுகளுக்குப் புதிய எஸ்எல்ஐ ப்ரொஃபைல் (ஒவ்வொரு விளையாட்டுக்குமான அமைப்பு) தருவதை நிறுத்திவிட்டது. நான் விளையாடுபவை அதற்கு முந்தியவை என்பதால் எனக்கு அது குறையாகப் படவில்லை.

முதலில் பழைய 650 வாட் பவர் சப்ளையிலேயே போட்டுப் பார்த்தேன். கார்ட் ஒன்றுக்கு ஒரு 8 பின், ஒரு 6 பின் இணைப்பு வேண்டும். சப்ளையில் ஒரு கார்டுக்கு மட்டுமே வயர் இருந்தது. மற்றதற்கு, பழைய டிஸ்க்குகளுக்கான மோலெக்ஸ் வயரிலிருந்து மாற்றும் அடாப்டர் போட்டேன். பத்து நிமிடம் விளையாடியிருப்பேன், சட்டென்று எல்லாம் அணைந்தது. கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத்தைக் கழற்றியதும் கருகல் மணம். அடாப்டரின் வெள்ளை பிளாஸ்டிக், மஞ்சள் வயர் நுழையும் துளையைச் சுற்றி மட்டும் தேயிலைச் சாயம் போலப் பழுத்திருந்தது. அந்த மஞ்சள் வயர்தான் 12 வோல்ட்.

பிறகுதான் லேபிளை ஒழுங்காகப் படித்தேன். 650 என்பது எல்லா வோல்டேஜும் சேர்ந்த கணக்கு. 12 வோல்ட்டில் அது தருவது 46 ஆம்பியர், அதாவது 552 வாட். கார்ட் இரண்டுக்கும் 500, ப்ராசசருக்கு 140, மற்றவைக்கு 50 என்று வைத்தால் 690 ஆகிறது, அதில் பெரும்பங்கு 12 வோல்ட்டிலேயே போகிறது. போதாததற்கு, கார்டுகள் சில மில்லிசெக்கன் நேரத்துக்கு 250 வாட்டையும் தாண்டித் துள்ளும்.

850 வாட்டும் தாங்கியிருக்கும். ஆனால் சித்திரை வெயிலில் என் அறை அடுப்படி மாதிரி. அதனால் 50 பாகை வெப்பத்திலும் முழு வாட்டும் தருவதாக எழுதியிருந்த 1000 வாட் சப்ளை ஒன்றைத் தேர்ந்தேன், மின் இழப்புக் குறைவு என்பதற்கான 80 ப்ளஸ் கோல்ட் சான்று உள்ளது. 12 வோல்ட்டில் 83 ஆம்பியர். கார்டுகளுக்கென்று நான்கு தனி வயர். வாட்டை விட இந்த வயர்க் கணக்குக்குத்தான் நான் கூட மதிப்புக் கொடுப்பேன்.

பழைய சப்ளையின் கழற்றும் வயர்கள் இன்னும் மினுமினுப்பாக இருந்தன, அவற்றையே பாவிக்கலாமா என்று மல்டிமீட்டரால் பார்த்தேன். முனை பொருந்துகிறது, ஆனால் புதியதில் 12 வோல்ட் வரும் இடத்தில் பழைய வயரில் கிரவுண்ட். கார்ட் பக்கத்து முனைக்குத்தான் பொது நியமம் உண்டு, சப்ளை பக்கத்துக்கு இல்லை. ஒவ்வொரு கம்பனியும் தன் விருப்பப்படி வைக்கும். பழைய வயர்களை அன்றைக்கே கட்டி எறிந்தேன்.

புதியதைப் பூட்டியதும் விளையாட்டு நிற்காமல் ஓடியது. ஆனால் பெட்டியின் ஓரத்தில் புறங்கை பட்டபோது சுரீரென்றது. சப்ளைக்குள் மின் இரைச்சலை வடிக்கும் கப்பாசிட்டர்கள் எர்த்தோடு இணைந்திருக்கும். எர்த் இல்லாவிட்டால் அவற்றின் வழியே வரும் சிறு மின்கசிவு பெட்டியில் நிற்கும். வயரிங் அண்ணையைக் கூப்பிட்டேன். தாத்தா காலத்து 5 ஆம்பியர் உருண்டைப் பின் சொக்கற்றைக் கழற்றிக் காட்டினார்.

"தம்பி, இதில எர்த் பின்னுக்கு வயரே குடுக்கேல்லை."

எர்த்துக்காக மண்ணில் புது ரொட் ஒன்று அடிக்கவேண்டியதாயிற்று. முற்றத்தில் இரண்டு அடிக்குள்ளேயே சுண்ணாம்புக்கல் தட்டியது.

"இஞ்ச இறங்காது, கிணத்தடி வாழைப்பாத்திக்குள்ள அடிப்பம். அங்க எப்பவும் ஈரம் நிக்கும்."

அங்கே இறங்கியது. சொக்கற்றையும் 13 ஆம்பியர் சதுரப் பின்னுக்கு மாற்றினோம். புறங்கையை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

நேற்றுப் பின்னேரம் சுவரில் வாட் மீட்டர் போட்டு ஒரு மணித்தியாலம் விளையாடினேன். ஆகக்கூடியது 640 வாட். இழப்பைக் கழித்தால் உள்ளே போனது ஏறத்தாழ 580. இணைப்புகளைத் தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடுகூட இல்லை. இனிப் பார்க்கவேண்டியது யூபிஎஸ். வீட்டில் இருக்கும் 650 விஏ பெட்டி வாட்டில் அதைவிடக் குறைவாகத்தான் தரும், இந்தச் சுமையைத் தாங்காது.