அம்மாவின் அளவுக் கொப்பி

போன கிழமை அம்மா நாலாவது அளவுக் கொப்பியை முடித்து ஐந்தாவதைத் தொடங்கினார். முதல் பக்கத்தின் மேலே பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே பெயர், வகுப்பு, தோள், நெஞ்சு, இடுப்பு, உயரம். கடைசியில் காசுக்கு ஒரு நிரல். கிளிநொச்சிப் பக்கம் முரசுமோட்டையில் எங்கள் ஒழுங்கையிலும் பக்கத்து ஒழுங்கைகளிலும் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இந்தக் கொப்பிகளுக்குள் இருக்கிறார்கள். அம்மாவைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். கொப்பி மாறியதும் இனியும் தள்ளிப்போட மனம் வரவில்லை.

உண்மையில் இது ஆறாவது கொப்பி. எல்லாவற்றுக்கும் முதல் இருந்தது எங்களிடம் இல்லை.

அம்மா கலியாணம் கட்டி வந்தபோது சீதனத்தோடு காலால் மிதிக்கும் ஒரு தையல் மெசினும் வந்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் மண்ணெண்ணெயைத் துளித் துளியாகப் பார்த்துச் செலவழித்த காலம். இரவில் ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில்தான் தைப்பார். ஊசியில் நூல் கோக்கும்போது மட்டும் திரியைக் கொஞ்சம் தூண்டுவார், பிறகு உடனே இறக்கிவிடுவார். 2002இல் சண்டை ஓய்ந்து, வன்னிக்கு ஊடாகப் போகும் ஏ9 பாதை திறந்ததும் அப்பா வவுனியாவுக்குப் போய் ஒரு பெட்டி நிறைய நிற நூற்கட்டைகள் வாங்கி வந்தார். அம்மா அவற்றை மேசையில் அடுக்கி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகம் அப்படி மலர்ந்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை.

2008 கடைசியில் போரால் இடம்பெயர்ந்தபோது லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் இடம் போதவில்லை. மெசினின் காலைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தலையை மட்டும் ஏற்றினார். தர்மபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், அதற்குப் பிறகு கடற்கரை. மணலில் பங்கர் வெட்டினால் சுவர் நிற்காது, சரிந்து விழும். மண்மூட்டை அடுக்க வேண்டும், அதற்குப் பை வேண்டும். சனம் சீலைகளைக் கொண்டுவந்தது. மெசின் தலையை ஒரு மரப்பெட்டியில் வைத்து நான் சில்லைக் கையால் சுற்ற, அம்மா துணியைத் தள்ளுவார். ஒரு சீலையில் நாலு பை வரும். நூல் முடிந்தபோது மா மூட்டையின் வாயைப் பிரித்து, அந்த நூலில் கையாலேயே தைத்தார். தன் அரக்குக் கூறையையும் ஒருநாள் வெட்டினார். அது எங்கள் பங்கர் வாசலில் இரண்டாம் வரிசையில் இருந்தது. சரிகைக் கரை வெளியே தெரியும். ஒருவரிடமும் ஒரு சதம் வாங்கவில்லை.

அப்பாவைப் பொக்கணையில் இழந்தோம். அதைப் பற்றி இன்னும் என்னால் எழுத முடியவில்லை.

வைகாசியில் கடைசியாகக் கடந்து வந்தபோது மெசின் தலையும் அந்த முதல் கொப்பியும் மணலோடு நின்றுவிட்டன. அம்மாவின் இடுப்பில் சுற்றியிருந்த அளவு நாடா மட்டும் எங்களோடு மெனிக் பாம் அகதி முகாமுக்கு வந்தது. 2010இல் ஊர் திரும்பினால், வளவில் கிணறும் ஒரு பக்கச் சுவரும்தான் மிச்சம். ஒரு தொண்டு நிறுவனம் தையல் மெசின் கொடுத்தது. அது வந்த அன்றே தம்பியைக் கடைக்கு அனுப்பி ஒரு கொப்பி வாங்கினார்.

அம்மாவின் கெட்டித்தனத்தைச் சொல்ல வேண்டும் என்றால் அவர் தைத்த பள்ளிச் சட்டை ஒன்றைப் புரட்டிப் பார்க்க வேண்டும். சீருடைத் துணியை அரசாங்கம் இலவசமாகத் தருகிறது, தையற்கூலிதான் தாய்மாருக்குப் பாரம். அதனால் அம்மா வெட்டும்போதே கீழ்க்கரையில் மூன்று அங்குலம், பக்கத்தையலில் ஓர் அங்குலம் கூட விட்டு உள்ளே மடித்துவிடுவார். அடுத்த வருடம் பிள்ளை வளர்ந்ததும் கூப்பிட்டு அவிழ்த்து இறக்கிக் கொடுப்பார். பழைய மடிப்புக் கோடு வெள்ளைத் துணியில் அழுக்காகத் தெரியும் அல்லவா, அதன்மேல் மெல்லியதாக ஒரு தையல் ஓட்டிவிடுவார். பார்ப்பவர்களுக்கு அது வேண்டுமென்று போட்ட அலங்காரம். ஒரு சட்டை இரண்டு வருடம் தாங்கும். இறக்கிக் கொடுக்கக் கூலி இல்லை. என் கண்ணில் இது பெரிய படிப்பு.

கொப்பியின் காசு நிரலில் சில பெயர்களுக்கு நேரே தொகை இராது. "பிறகு" என்று மட்டும் எழுதியிருக்கும். அப்பா இல்லாத வீடுகள், கால் இழந்த தகப்பன்மார், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் அம்மம்மாமார். ஒருநாள் அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது நாலு கொப்பியிலும் அந்தச் சொல்லை எண்ணினேன். 212 இடத்தில் இருந்தது. இதே மெசினில்தான் எங்கள் மூன்று பேரையும் படிப்பித்தார். தம்பி மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்குப் போனதும், தங்கச்சி ஆசிரியை ஆனதும், நான் இந்த எழுத்தை எழுதுவதும் அந்தக் கூலியில்தான்.

2018 மார்கழி வெள்ளத்தை வன்னியில் யாரும் மறக்க மாட்டார்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து, எங்கள் வளவுக்குள் முழங்காலளவு தண்ணீர். ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கும், வீட்டில் அறுபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் துணி. அம்மா எல்லாவற்றையும் உரப்பைகளுக்குள் போட்டு வாயைக் கட்டி, வீட்டு வளையில் தொங்கவிட்டார். எங்கள் உடுப்புகள் நனைந்தன. சாக்குக் கட்டிலும் அரிசி வாளியும் மிதந்தன. சீருடைத் துணியில் ஒரு துளி படவில்லை. தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் ஈரத்தரையில் கதிரையைப் போட்டுத் தைக்கத் தொடங்கினார்.

"நீங்கள் எவ்வளவு செய்திருக்கிறீங்கள் அம்மா" என்று சொன்னால், "நான் என்ன செய்தனான் பிள்ளை, தைச்சனான்" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

ஐந்தாவது கொப்பிக்கு முதல் பெயராக வந்தது முதலாம் வகுப்புக்குப் போகிற ஒரு சின்னப் பெண்பிள்ளை. கூட்டி வந்த தாயை அம்மா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். எழும்பிப் போய் றங்குப்பெட்டியைத் திறந்து 2011ஆம் ஆண்டுக் கொப்பியை எடுத்தார். அந்தத் தாயின் பெயர் அதில் இருந்தது. எட்டாம் வகுப்பு, தோள் பதின்மூன்று அங்குலம். காசு நிரலில் "பிறகு".

அவள் அதை வாசித்தாள். ஒன்றும் பேசாமல் கைப்பையைத் திறந்தாள்.

"அது அப்பவே முடிஞ்சுது பிள்ளை" என்றார் அம்மா, நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தபடி. "இவவை நிமிர்ந்து நிக்கச் சொல்லு."