குடிக்கலாமா தம்பி?

அந்த அக்காவிடம் நான் பொய் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரிடம் இந்தக் கதையைச் சொன்னாலும் பாதியில் எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.

தேயிலைத் தோட்டத்துக்குள், மலைத்தண்ணீர் வந்து விழும் பீலிக்குக் கீழே ஓடையில் தண்ணீர் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தேன். குடத்தோடு வந்தவர் என் போத்தல்களைப் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணி குடிக்கலாமா தம்பி?" என்றார்.

"நாங்க அதைப் பார்க்கிறதில்லை அக்கா. இது கடலுக்கான ஆராய்ச்சி."

"கடலுக்கா!"

"கொதிக்க வச்சு குடிங்க" என்றேன்.

"வெறகு நீ தாறியா?" என்று சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். சண்டையும் இல்லை, குறையும் சொல்லவில்லை.

கடலுக்கு என்றது உண்மைதான். அக்கரப்பத்தனையில் ஓடும் ஆக்ரா ஓயா என்ற சிற்றாறு, கொத்மலை ஓயாவாகி, மகாவலி ஆற்றில் சேர்ந்து, திருகோணமலையில் கொட்டியாரக் குடாவில் போய் விழுகிறது. கொத்மலை ஓயாவையும் 335 கிலோமீற்றர் நீளமான மகாவலியையும் வழியெல்லாம் அணைகள் மறிக்கின்றன: 1985இல் கொத்மலையும் விக்டோரியாவும், அப்புறம் ரந்தெனிகலை, ரந்தம்பை. மேலே தலவாக்கலையில் 2012இல் மேல் கொத்மலையும் வந்துவிட்டது. மழையில் நம் மலையிலிருந்து கரைகிற மண்ணில் பெரும்பங்கு இந்த நீர்த்தேக்கங்களிலேயே படிந்துவிடும். கடற்கரைக்குப் போகவேண்டிய மணலும் அதோடு நின்றுவிடும். பாறையிலிருந்தும் மண்ணிலிருந்தும் தண்ணீரில் கரைந்து வரும் சிலிக்காவுக்கும் அதே கதிதான். தேங்கிய நீரில் வளரும் டயட்டம் என்ற நுண்பாசிகள் அதை எடுத்து ஓடு கட்டிக்கொண்டு அடியில் போய்ப் படிகின்றன. உரத்திலிருந்து வரும் நைட்ரேட்டோ முழுவதும் நிற்பதில்லை, கீழே வயல்களிலிருந்து இன்னும் சேர்கிறது. இப்படி இரண்டுக்கும் உள்ள கணக்கு மாறினால் கடலில் டயட்டம் குறைந்து வேறு பாசிகள் மிஞ்சலாம், அதைத் தொட்டு மீன்வரை மாறலாம். அதனால்தான் மலையில் நானும் குடாவின் கரையில் மூதூரில் இன்னொருவரும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் போத்தல்களில் தண்ணீர் பிடிக்கிறோம். கண்ணாடி ஆகாது, அதிலிருந்தே சிலிக்கா கரையும்.

இந்த வேலை எனக்குப் பிடிக்கும். இதை வெட்டிவேலை என்று யாராவது சொன்னால் கோபம் வரும்.

அந்த ஓடையின் நைட்ரேட் அளவு என்னிடம் இருந்தது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். இது அதற்கு வெகு கீழே. அதைச் சொல்லியிருந்தால் அக்கா "நல்ல தண்ணி" என்று எடுத்துக்கொண்டிருப்பார். ஆனால் பீலிக்கு மேலே லயத்துக் கக்கூசுகள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கான கக்கூசுகள், இருக்கின்றன. மலக்கிருமி கலந்திருக்கிறதா என்பதை நைட்ரேட்டை வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே நான் வாயை மூடிக்கொண்டது சரி. சரி, அப்படியானால் கிருமியை ஏன் பார்க்கவில்லை?

இதை எங்கள் இணையவழிக் கூட்டத்தில் கேட்டேன். திட்டத்தின் தலைவர், நான் மதிக்கிற மனிதர், "செய்யலாம். முடிவு மோசமா வந்தா யாருக்குச் சொல்வீங்க?" என்றார்.

"பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு."

"அதுக்குப் பிறகு தோட்டத்துக்குள்ள நம்மள விடுவாங்களா?"

பணம் இல்லை என்றிருந்தால் வாதாடியிருப்பேன். மாதிரியை ஐஸில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் ஆய்வுகூடம் சேர்க்கவேண்டும் என்றிருந்தால் வழி சொல்லியிருப்பேன். இதற்கு எனக்குப் பதில் வரவில்லை. தோட்டம் கதவை அடைத்தால் ஆற்றின் தலைப்பகுதித் தரவு அறுந்துபோகும், மூதூரில் எடுப்பதற்கும் பாதி அர்த்தம் போய்விடும். படுத்த பிறகு எத்தனையோ பதில்கள் தோன்றுகின்றன. எல்லாம் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதவன் சொல்லக்கூடிய பதில்கள்.

மூதூர்க்காரரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். அங்கே மீனவர்கள் அவரிடம் மீன் ஏன் குறைந்தது என்று கேட்கிறார்களாம். "நீங்களாவது கொதிக்க வைக்கச் சொன்னீங்க, எனக்கு அதுவும் இல்லை" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் இரண்டும் ஒன்றில்லை என்றே எனக்குப் படுகிறது. மீனவர்கள் கேட்பதுதான் எங்கள் ஆராய்ச்சியும் கேட்கிறது; பதில் வரத் தாமதமாகும், அவ்வளவுதான். அக்கா கேட்டது எங்கள் படிவத்தில் எங்கேயும் இல்லை.

அடுத்த கட்டத்துக்கான முன்மொழிவில் கிருமிப் பரிசோதனையைச் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். முடிவை யாருக்கு அறிவிப்பது என்ற இடத்தில் தோட்ட நிர்வாகத்தை முதலாவதாகப் போட்டேன். அப்படிப் போடாவிட்டால் அனுமதி கிடைக்காது. போட்டதால், அக்காவுக்கு அது எப்போது தெரியவரும் என்பது நிர்வாகத்தின் கையில் இருக்கிறது.