மூச்சை எண்ணியே ஐந்து மாதம் போனது

போன வாரம் ஒரு மீட்டிங்கில் நாற்பது நிமிடம் நடு வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வழக்கமாகக் கதவோரத்தில் இடம் பிடிப்பேன், இந்த முறை பிடிக்கவில்லை. நெஞ்சு படபடத்தது, உள்ளங்கை வியர்த்தது, ஆனாலும் எழுந்து போகவில்லை. இந்த நாற்பது நிமிடத்துக்கு எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. அதில் முதல் ஐந்து மாதம் என்னை இன்னும் பின்னால்தான் தள்ளியது. அந்த ஆற்றாமை இன்னும் போகவில்லை.

எனக்கு வருவது பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று படபடப்போடு வரும் கடும் பயம். அது எப்படி இருக்கும் என்பது வந்தவர்களுக்குத் தெரியும், அதனால் விவரிக்கவில்லை. முதல் முறை வந்தபோது இதயம்தான் என்று பதறி ஓடினேன். ஈசிஜி சரி, ரத்தப் பரிசோதனை சரி. "ஒன்றுமில்லை, டென்ஷன்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லாததற்கா உயிர் போகிற மாதிரி இருக்கும் என்று அப்புறம் எத்தனை இரவுகள் யோசித்திருப்பேன்!

கவுன்சலிங்குக்கு முதலில் போன இடத்தில் இருந்தவர் கனிவானவர்தான். ஆனால் எந்த முறையில் சிகிச்சை, எத்தனை செஷன், எதை வைத்து முன்னேற்றத்தைப் பார்ப்போம் என்று எதையும் அவர் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. "பாசிட்டிவா யோசிங்க, அந்த நினைப்பே வராம பாத்துக்குங்க" என்றார். வராமல் பார்த்துக்கொள்ளப் பார்க்க, அது இன்னும் அதிகமாக வந்தது. 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் இதைச் சோதித்தே காட்டியிருக்கிறார் என்பதைப் பிறகுதான் படித்தேன். வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது என்று சிலரிடம் சொன்னார். அவர்களால் முழுதாகத் தவிர்க்க முடியவில்லை. அப்புறம் நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது. இதை அன்றே யாராவது சொல்லியிருந்தால் என் மனசு மட்டும்தான் கோளாறு என்று நினைத்திருக்க மாட்டேன்.

அவர் ஒரு மூச்சுப் பயிற்சியும் தந்தார். நான்கு எண்ணி இழுப்பது, நிறுத்துவது, மெதுவாக விடுவது. முதல் சில வாரம் நன்றாகவே இருந்தது. அப்புறம் நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடித்தாலே எண்ண ஆரம்பித்தேன். எண்ண முடியாத இடங்களுக்குப் போகவே பயம் வந்தது. ஒரு நாள் மீட்டிங்கில் எண்ணிக்கொண்டே இருந்ததில், என்னிடம் கேட்ட கேள்வி காதிலேயே விழவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நொடியை இன்னும் மறக்கவில்லை.

அப்புறம்தான் சிபிடி, அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சையில் பயிற்சி பெற்ற ஒரு தெரபிஸ்டிடம் போனேன். அங்கேயும் முதல் நடை வீண்தான். தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும், அந்த ரிப்போர்ட் வேண்டும் என்றார். அது பழைய மருத்துவமனையில் இருந்தது, வாங்க இரண்டு முறை அலைந்தேன். பரிசோதனைத் தாள்களை ஒரே கோப்பில் போட்டு முதல் நாளே எடுத்துப் போங்கள்.

கவலை அளவை அறிய ஏழு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தந்தார். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும், மொத்த மதிப்பெண் 21, கூடக் கூடக் கவலை அதிகம். எனக்கு 16 வந்தது. என் மூச்சு எண்ணும் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னதுதான் எல்லாவற்றையும் மாற்றியது: "படபடப்பு தானாவே தணியும். ஆனா நீங்க எண்ணினதாலதான் தப்பிச்சோம்னு மனசு கத்துக்குது." படபடப்பு வந்தால் ஆபத்து என்று நினைக்கிறோம், அந்த நினைப்பு பயத்தைக் கூட்டுகிறது, பயம் படபடப்பைக் கூட்டுகிறது. இந்தச் சுழலில் என் மூச்சுப் பயிற்சியும் ஒரு கண்ணியாகிவிட்டிருந்தது. பயிற்சி கெட்டதல்ல, பயத்தை விரட்டும் ஆயுதமாக அதை நான் பிடித்துக்கொண்டதுதான் பிரச்சினை.

அடுத்து எண்ணக் குறிப்பேடு. நிலைமை, உணர்ச்சி, எண்ணம், அதற்கு ஆதாரம், எதிர் ஆதாரம், மாற்று எண்ணம் என்று கட்டம் போட்டு எழுத வேண்டும். இரண்டு வாரம் முழுக்கத் தப்பாக எழுதினேன். உணர்ச்சிக் கட்டத்தில் "எல்லோரும் என்னை எடைபோடுகிறார்கள் என்று உணர்ந்தேன்" என்று எழுதியிருந்தேன். அது உணர்ச்சி இல்லை, எண்ணம். பயம், வெட்கம், கோபம், துக்கம் என்று உணர்ச்சி பெரும்பாலும் ஒரே சொல்லில் முடிந்துவிடும். நடுவில் "என்று" வந்தால் அது எண்ணம். இந்த ஒரு அடையாளத்தைப் பிடித்த பிறகு குழப்பம் பாதியாகக் குறைந்தது.

மாற்று எண்ணத்திலும் சறுக்கினேன். "எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்று எழுதினேன். எவ்வளவு நம்புகிறீர்கள் என்று கேட்டார். நூற்றுக்குப் பத்து. நம்பாத வாக்கியத்தால் என்ன பயன்? பல தடவை அடித்து எழுதிக் கடைசியில் நின்றது இது: "படபடப்பு வரும். இதுவரை வந்த ஒவ்வொரு முறையும் தணிந்திருக்கிறது. குரல் நடுங்கியபோதும் பேசி முடித்திருக்கிறேன்." இதை எழுபது நம்பினேன். இன்னொன்று, ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக எழுதாதீர்கள். அதற்குள் பயத்தின் அளவு மறந்துவிடும். ஃபோனிலாவது அப்போதே இரண்டு வரி குறித்துவிடுங்கள்.

கடினமானது அதற்குப் பிறகு வந்தது. படபடப்பு ஆபத்தில்லை என்று மனசு கற்றுக்கொள்ள, அதை வேண்டுமென்றே வரவழைக்க வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய ஸ்ட்ரா வழியாக ஒரு நிமிடம் மூச்சு விட வேண்டும். என்ன நடக்கும், அதை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறேன் என்று "மயங்கி விழுவேன், 80" என முன்கூட்டியே எழுதினேன். பேனிக்கில் ரத்த அழுத்தம் பொதுவாக ஏறும், மயக்கம் பெரும்பாலும் அது இறங்கும்போதுதான் வரும் என்று விளக்கியிருந்தார். தெரிந்தும் வீட்டில் முப்பது நொடியில் ஸ்ட்ராவை எறிந்துவிட்டேன். மறுவாரம் பதினைந்து நொடியிலிருந்து மறுபடி தொடங்கினோம். ஒரு நிமிடத்தை முழுதாகத் தாண்டிய அன்று அவர் அறையிலேயே அழுதேன். விழவில்லை. இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு இருப்பவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யவே கூடாது.

புதிதாகப் போகிறவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். என்ன முறை, ஏறக்குறைய எத்தனை செஷன், வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும் என்று முதல் நாளே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. மாத்திரை சாப்பிடுபவர்கள் கொஞ்சம் தெளிந்ததும் தானாக நிறுத்திவிடாதீர்கள். சாகலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் குறிப்பேடு, பயிற்சி எதற்கும் காத்திருக்காமல் அன்றே யாரிடமாவது சொல்லி மருத்துவரிடம் போங்கள்.

போன மாதம் அதே படிவத்தில் எனக்கு 6. மீட்டிங் அன்று காலையில் "பாதியில் எழுந்து போயே ஆக வேண்டியிருக்கும், 60" என்று எழுதிவிட்டுத்தான் போனேன். என்ன நடந்தது என்ற கட்டத்தில் "போகவில்லை" என்று எழுதினேன். வருகிற வியாழக்கிழமை முன்னால் நின்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். அதற்கான கட்டத்தையும் இப்போதே போட்டு வைத்துவிட்டேன். "குரல் நடுங்கும், 90."