எழுத்தில் கேளுங்கள்: நற்கருணைக்காக ஏழு மாதம் அலைந்த கதை

எனக்கு மறுபடி நற்கருணை, அதாவது ஆராதனையில் கொடுக்கும் அப்பமும் ரசமும், கிடைக்க ஏழு மாதம் ஆனது. 2023 செப்டம்பரில் நிறுத்தினார்கள், 2024 ஏப்ரலில் கொடுத்தார்கள். நடுவில் சபையின் தலைமை அலுவலகத்துக்கு நான்கு நடை, இரண்டு பதிவுத் தபால், ஒரு விசாரணை. இதே நிலையில் இருக்கும் தாய் தகப்பன்மார் இரண்டு பேர் என்னிடம் போனில் அழுதிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். எந்தச் சபை, எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. திருநெல்வேலிச் சீமையில், தேரிக்காட்டை ஒட்டிய ஒரு கிராமம். என் பாட்டி காலத்திலிருந்து எங்களுக்கு அந்த ஒரே கோயில்தான். அவ்வளவு போதும்.

காரணம் என் மகன். டொராண்டோவில் வேலை பார்க்கிறான். கனடாவில் 2005 முதல் ஆணும் ஆணும் சட்டப்படி திருமணம் செய்யலாம். அங்கே கனடா ஐக்கிய சபை என்று ஒரு பெரிய புராட்டஸ்டண்ட் சபை உண்டு, அவர்கள் கோயிலிலேயே அந்தத் திருமணத்தை நடத்திக் கொடுக்கிறார்கள். 2023 ஜூனில் அப்படி ஒரு கோயிலில் என் மகனுக்கும் அவன் துணைக்கும் கல்யாணம் நடந்தது. எங்களுக்கு விசா கிடைக்கவில்லை, வீடியோவில்தான் பார்த்தோம். அவன் எங்களிடம் முதலில் சொன்னது 2019இல். அப்போது நான் பட்டதையெல்லாம் இங்கே எழுத வேண்டாம். நானும் என் வீட்டுக்காரரும் அதைத் தாண்டி வந்துவிட்டோம்.

மைனி மகள் கல்யாணப் போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தாள். நல்ல மனசோடுதான் வைத்தாள். ஒரே நாளில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

செப்டம்பர் 3, மாதத்தின் முதல் ஞாயிறு. எப்போதும் போல பாடகர் குழு முடிந்து கடைசியில் போய் முழங்கால் போட்டேன். வலது கையை இடது கையின் மேல் வைத்து நீட்டியிருந்தேன். ஐயர் (எங்கள் குருவானவரை அப்படித்தான் சொல்வோம்) எனக்கு இடப்பக்கத்திலிருந்த அக்காவுக்கு அப்பம் கொடுத்தார். அடுத்து அவருடைய வெள்ளை அங்கியின் ஓரம் என் விரலில் உரசிக்கொண்டு போனது. வலப்பக்கத்திலிருந்த பிள்ளைக்குக் கொடுத்தார். என் கை அப்படியே நீட்டியபடி இருந்தது. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். பின்னால் கிண்ணத்தோடு வந்தவரும் தாண்டிப் போனார். அப்போதுதான் விளங்கியது. கையை மடக்கி எழுந்திருக்க எவ்வளவு நேரமானது என்று எனக்கே தெரியாது. பதினாறு வயதில் திடப்படுத்தல் எடுத்து நற்கருணைக்குள் வந்தவள் நான். இப்போது அறுபத்து மூன்று. அந்தக் கை ஒரு தடவை கூட வெறுமையாகத் திரும்பியதில்லை.

ஆராதனை முடிந்து வெஸ்ட்ரியில், ஐயரின் அறையில், போய் அவரிடம் கேட்டேன். "கமிட்டியில பேசியாச்சு டீச்சர், கொஞ்ச நாள் பொறுங்க" என்றார். என்ன பேசினீர்கள், எத்தனை நாள், என் மேல் என்ன குற்றம், எதற்கும் பதில் இல்லை. நானும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் செய்த முதல் தவறு இதுதான். அன்றைக்கே, அங்கேயே, "இதை எழுதிக் கொடுங்கள் ஐயா" என்று கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. பாடகர் குழுவில் "இந்த வாரம் வேண்டாம்" என்றார்கள். அந்த மாதமே அசனம், கோயிலில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து. முந்தின ராத்திரி எல்லாப் பெண்களும் கோயில் வளாகத்தில் உட்கார்ந்து காய் வெட்டுவது வழக்கம். நானும் அருவாமணையோடு போனேன். நாற்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கியவள் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தாள். யாரும் என்னைப் போ என்று சொல்லவில்லை. இரண்டு மூடை வெங்காயத்தையும் தனியாக உரித்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். என் வீட்டுக்காரர் அன்றிலிருந்து கோயிலுக்குள் வருவதில்லை. என்னை ஸ்கூட்டரில் கொண்டு வந்து விட்டுவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார்.

அக்டோபரில் கோயில் சந்தா கட்டப் போனால் வாங்க மறுத்தார்கள். இதைக் கவனியுங்கள், முக்கியம். சந்தா பாக்கி விழுந்தால் சபைத் தேர்தல் ஓட்டர் லிஸ்டில் பெயர் போகும். கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்கும்போதும் முதலில் சந்தா நோட்டைத்தான் புரட்டுவார்கள். நாளைக்கு எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்கு ஏதாவது ஆனால் சாவு மணி அடிப்பார்களா என்று ராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறேன். யாரும் ஒன்றும் எழுத வேண்டாம், சந்தாவை வாங்காமல் இருந்தாலே போதும், நாம் தானாக வெளியே போய்விடுவோம். அதனால் நான் சேகரத்தின் (ஐயரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரம்) பெயருக்குக் காசோலை எழுதி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அட்டை கையெழுத்தாகித் திரும்பி வந்தது. பணத்தை எடுத்தார்களோ இல்லையோ, கொடுத்ததற்குச் சாட்சி என் கையில் இருந்தது.

தலைமை அலுவலகத்துக்கு முதல் நடை அக்டோபர் 18ஆம் தேதி. முந்தின நாள்தான் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் தர முடியாது என்று தீர்ப்பளித்திருந்தார்கள். கிளார்க் என் மனுவை வாங்கிப் படித்தார், மேசையில் கிடந்த பேப்பரை என் பக்கம் திருப்பி வைத்தார். "பாத்தீங்களா டீச்சர், சுப்ரீம் கோர்ட்டே முடியாதுன்னுட்டு." நான் சொன்னேன், அந்தத் தீர்ப்பு இந்தியச் சட்டத்தில் பதிவு செய்வதைப் பற்றியது, என் மகன் கல்யாணம் கனடா சட்டப்படி நடந்தது, அப்படி வாழ்வது இங்கே குற்றமில்லை என்று இதே நீதிமன்றம் 2018லேயே சொல்லிவிட்டது, என் நற்கருணைக்கும் இது எதற்கும் என்ன சம்பந்தம் என்று. அவர் மனுவைத் திருப்பித் தந்தார். "சேகரகுரு மூலமாத்தான் வரணும்." யார் மேல் முறையிடுகிறேனோ அவரே கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். இரண்டு பஸ் மாறிப் போனவள், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டாம் நடை முழுக்க வீண். கவனிக்கும் அதிகாரி ஊரில் இல்லை. போன் பண்ணிவிட்டுப் போங்கள்.

மூன்றாம் நடையில்தான் உண்மையான முடிச்சு தெரிந்தது. "உங்களை நிறுத்தின ஆர்டர் காப்பி வைங்க, அதை வச்சுத்தான் அப்பீல் எடுக்க முடியும்" என்றார்கள். ஆர்டரே இல்லையே! வாய்வார்த்தையாக நிறுத்தினால் மேலே போக வழியே இல்லாமல் போகிறது. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அன்றைக்குத்தான் முதல் தடவையாக அழுதேன்.

வழி காட்டியது எங்கள் பக்கத்து ஊரில், ஐயருக்குக் கீழே சபை ஊழியம் பார்த்து ரிட்டயராகி இருக்கும் உபதேசியார் அண்ணாச்சி. எண்பது வயது. எங்கள் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் பழைய ஜெபப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது, செல்லரித்து. நற்கருணை ஆராதனைக்கு முன்னால் பொடி எழுத்தில் வரும் குறிப்பை விரலை வைத்துக் காட்டினார். 1662ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தின் ஒழுங்கு அது: ஒருவருக்கு நற்கருணை மறுக்க வேண்டுமானால் குரு முதலில் அவரைக் கூப்பிட்டு எச்சரிக்க வேண்டும், மறுத்த பின் பதினான்கு நாளுக்குள் அத்தியட்சருக்கு (பிஷப்) கணக்குச் சொல்ல வேண்டும். இன்று நாங்கள் நடத்துவது வேறு ஆராதனை முறை. ஆனாலும் நம் பக்கத்துச் சபைகள் பல அந்த வேரிலிருந்து வந்தவை, எந்தக் கமிட்டியும் அதைச் சும்மா தள்ளிவிட முடியாது என்றார் அண்ணாச்சி. அதோடு வேதாகமத்தில் மத்தேயு 18. தவறு செய்தவனிடம் முதலில் தனியாகப் போ, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு போ, அதற்கும் பிறகுதான் சபைக்குச் சொல். ஞாயிறு பள்ளியில் நானே எத்தனை பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! என் வீட்டுப் படியை ஒருவரும் மிதிக்கவில்லை.

அன்று ராத்திரியே ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினேன். மூன்றே கேள்வி. எந்தத் தேதிக் கூட்டத்தில் என்ன தீர்மானம் போட்டீர்கள்? என் மேல் உள்ள குற்றம் என்ன? என்னை எப்போது அழைத்து எச்சரித்தீர்கள்? பதினான்கு நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் என் மேல் எந்த நடவடிக்கையும் இல்லை என்றே எடுத்துக்கொள்வேன் என்று முடித்தேன். பதிவுத் தபால். அட்டை வந்தது, பதில் வரவில்லை. நான்காம் நடையில் அந்த அட்டையையும் கடித நகலையும் வைத்து, "ஆர்டர் இல்லை, இல்லை என்பதற்கு ஆதாரம் இது" என்று கொடுத்தேன். இந்தத் தடவை வாங்கினார்கள். என் நகலில் தேதியோடு முத்திரை குத்தச் சொல்லி நின்றேன். பதினைந்து நிமிடம் முத்திரையைத் தேடினார்கள். பரவாயில்லை, நில்லுங்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனு.

அந்தக் காத்திருப்பில் மகன் ஒரு செய்தி அனுப்பினான். அமெரிக்காவில் ஃபிராங்க் ஷேஃபர் என்ற மெதடிஸ்ட் போதகர் தன் மகனுக்கும் இன்னொரு ஆணுக்கும் கல்யாணம் நடத்தி வைத்ததற்காக 2013இல் சபை விசாரணைக்குப் போனார். முதலில் முப்பது நாள் இடைநீக்கம். இனி சபை ஒழுங்கைக் கைக்கொள்வேன் என்று உறுதி கொடுக்க மறுத்ததும் போதகப் பட்டத்தையே பறித்தார்கள். 2014இல் மேல்முறையீட்டில் திரும்பக் கிடைத்தது. இனிமேல் செய்யக்கூடும் என்பதற்காக ஒருவரைத் தண்டிக்க முடியாது என்றது அந்தக் குழு. அதே சபை 2024இல் அப்படிக் கல்யாணம் நடத்தக் கூடாது என்ற தடையையே எடுத்துவிட்டது. அங்கே ஒரு தகப்பனுக்கு விசாரணையாவது நடந்தது, தீர்ப்பாவது எழுதினார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நம் சீமைக்கும் இது புதிதில்லை. இன்றைக்கு நாம் கொண்டாடும் ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயரையே, சபை ஒழுங்கைக் கேள்வி கேட்டார் என்று, அவரை அனுப்பிய மிஷன் சங்கம் 1835இல் நீக்கியது.

விசாரணை பிப்ரவரியில். மூன்று பேர். கமிட்டியின் நடவடிக்கைக் குறிப்பேட்டைக் கொண்டு வரச் சொன்னார்கள். ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு கூட்டத்திலும் என் பெயரில் ஒரு வரி இல்லை. அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஒருவர் ஒரு தாளை என் முன் நகர்த்தினார். டைப் அடித்துத் தயாராக இருந்தது. "என் மகனின் செயலை நான் ஆதரிக்கவில்லை, அவனோடு உறவை விலக்கிக்கொள்கிறேன்." கீழே என் பெயர். "ஒரு கையெழுத்துத்தான் டீச்சர், அடுத்த ஞாயிறே சரியாயிரும்." பேனாவின் மூடியைக் கழற்றியே நீட்டினார்.

இந்த இடத்தில் யாராயிருந்தாலும் தடுமாறுவோம். நானும் தடுமாறினேன். அலைச்சல், வெட்கம், வீட்டில் சாப்பிடாமல் இருக்கும் மனுஷன், எல்லாம் சேர்ந்து அந்தப் பேனாவை வாங்கச் சொல்லும். வாங்காதீர்கள். நான் சொன்னது இதுதான்: "ஐயா, என் பாவத்துக்கு நான் முழங்காலில் நின்று அறிக்கை செய்வேன். என் மகனை வேண்டாம் என்று எழுத மாட்டேன். என் மருமகனையும் எழுத மாட்டேன்." மருமகன் என்ற சொல் என் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதுவரை "அந்தப் பையன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அறையில் யாரும் பேசவில்லை. தாளை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

மார்ச் கடைசியில் இரண்டு வரியில் கடிதம் வந்தது. என் மேல் ஒழுங்கு நடவடிக்கை எதுவும் பதிவில் இல்லை, நற்கருணையில் பங்குபெறத் தடையில்லை. வருத்தம் என்று ஒரு சொல் இல்லை. ஏப்ரல் 7ஆம் தேதி அதே இடத்தில் முழங்கால் போட்டேன். கை நடுங்கியது. ஐயர் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக் கொடுத்தார். பாடகர் குழுவுக்கு இன்னும் கூப்பிடவில்லை.

மகன் விஷயம் முடியவில்லை. குடும்பப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அவன் பெயரில் சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் "நீக்கம்". தேதி இல்லை, கையெழுத்து இல்லை. நீங்களும் கேட்டுப் பாருங்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் பெயரை நம்மிடம் சொல்லாமலே அடித்திருப்பார்கள். ஞானஸ்நானப் பதிவேடு வேறு, அதில் கை வைக்க முடியாது. அதிலிருந்து சான்று எடுத்து வைத்துவிட்டேன்.

அவனுக்காக நான் மனுக் கொடுக்க முடியாதாம், அவனே கையெழுத்திட வேண்டுமாம். டொராண்டோவிலிருந்து கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறான், போன வாரம் வந்தது. அசலோடு மூன்று நகல் வேண்டும். ஜெராக்ஸ் எடுக்க நான் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் என் கையிலிருந்து கவரை வாங்கிக்கொண்டார். நான்கு நகல் எடுத்து வந்தார். ஒன்று எதற்கு என்று கேட்டேன். "நான் வச்சுக்கிடுதேன்" என்றார்.