பத்து மணி நேரம், அறுபது சென்டிமீட்டர்

பதினாறு வருடமாக ஈசிஜி எடுக்கிறேன். நெஞ்சில் ஜெல் தடவி, லீடு மாட்டி, இளஞ்சிவப்புக் கட்டம் போட்ட காகிதத்தில் கோடு ஓடுவதைப் பார்ப்பதுதான் வேலை. அதனால் ‘துடிப்பு’ என்ற சொல் எங்கே வந்தாலும் கண் அங்கேயே நின்றுவிடும். வியாழன் கிரகத்தின் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்ததும் அப்படித்தான்.

2000 டிசம்பர் 18 அன்று சந்திரா விண்தொலைநோக்கி பத்து மணி நேரம் வியாழனையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கிரகம் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ள அவ்வளவு நேரம்தான் ஆகும். (நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் அந்தத் தொலைநோக்கிக்கு. எழுதும்போதே சந்தோஷமாக இருக்கிறது.) வட துருவத்தை ஒட்டி ஓர் இடத்திலிருந்து எக்ஸ் கதிர்கள் வந்தன, சுமார் 45 நிமிடத்துக்கு ஒருமுறை கூடிக் குறைந்தன.

பழைய ஈசிஜி காகிதத்தை எடுத்து, ஒரு நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்று கணக்கு வைத்தேன். பத்து மணி நேரம் 60 சென்டிமீட்டர் நீளம் வந்தது. ஒன்பது பெரிய கட்டத்துக்கு ஒரு துடிப்பு. அந்த இடம் நம் பக்கம் திரும்பியிருக்கும் வரை கோடு, அப்புறம் வெற்றுத் தாள்.

துடிப்பது எது என்று கேட்டால் பதில் அயோவில் தொடங்குகிறது. வியாழனின் அந்தத் துணைக்கோளில் எரிமலைகள் ஓயாமல் கக்குகின்றன. வினாடிக்கு ஏறக்குறைய ஒரு டன் பொருள் அங்கிருந்து வெளியேறுகிறது, பெரும்பாலும் கந்தகமும் ஆக்சிஜனும். அவை அயனிகளாகி வியாழனின் காந்தப்புலத்தில் மாட்டிக்கொள்கின்றன. எலெக்ட்ரான்களைப் பெருமளவு இழந்த நிலையில், பெரும் வேகத்தோடு துருவ வளிமண்டலத்தில் பாய்ந்து, அங்குள்ள ஹைட்ரஜனிடமிருந்து எலெக்ட்ரானைப் பறிக்கின்றன. பறித்த எலெக்ட்ரான் உள்ளே இறங்கி அமரும்போது எக்ஸ் கதிர் வெளிப்படுகிறது. நம் பூமியின் காற்று எக்ஸ் கதிரைக் கீழே விடாது. விண்வெளியில் தொலைநோக்கி வைத்ததால்தான் இந்தத் துடிப்பே நமக்குத் தெரிந்தது.

சரி, அயனிகள் ஏன் விட்டுவிட்டுப் பாய வேண்டும்? எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. 2017 ஜூலை 16, 17 தேதிகளில் எக்ஸ்எம்எம் நியூட்டன் தொலைநோக்கி 26 மணி நேரம் தொடர்ந்து வியாழனைப் பார்த்தது. அதே நேரம் ஜூனோ விண்கலம் வியாழனைச் சுற்றியபடி காந்தப்புலத்தை அளந்துகொண்டிருந்தது. ஒரு கையில் நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டே லீடு மாட்டி ஈசிஜியும் எடுப்பது மாதிரி. இந்த முறை எக்ஸ் கதிர் 27 நிமிடத்துக்கு ஒருமுறை துடித்தது. காந்தப்புலமும் அதே தாளத்தில் அழுந்தித் தளர்ந்தது. அந்த அழுத்தம் எழுப்பும் அலைகளில் ஏறித்தான் அயனிகள் காந்தக் கோடுகள் வழியே துருவத்துக்கு வருகின்றன. 2021இல் யாவோ, டன் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் வெளியிட்ட கட்டுரை அது. அன்று இரவுப் பணி. வார்டு அமைதியாக இருந்தது. இரண்டு முறை படித்தேன்.

அதற்கு முன்பு, 2017இல் டன் குழுவினர் எழுதியது என்னை வேறு விதத்தில் உலுக்கியது. தென் துருவம் 11 நிமிடத்துக்கு ஒருமுறை சீராகத் துடிக்க, வட துருவம் அதைச் சட்டை செய்யாமல் தன்போக்கில் கூடிக் குறைந்ததாம். என் முதல் வருடத்தில் ஒரு பெரியவருக்கு இப்படித்தான் இருந்தது. கம்ப்ளீட் ஹார்ட் பிளாக். இதயத்தின் மேலறை ஒரு தாளம், கீழறை ஒரு தாளம். வெள்ளைத் தாளின் விளிம்பில், மேலறையின் துடிப்பைக் காட்டும் பி அலைகளைக் குறித்து, நகர்த்தி நகர்த்திப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது, கை நடுங்கியது. அவருக்கு அன்றே பேஸ்மேக்கர் வைத்தார்கள், பிழைத்துக்கொண்டார்.

வியாழனுக்கு அது நோயில்லை, இயல்பு. இருந்தாலும் இரண்டு துருவங்களையும் ஒரே காகிதத்தில் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. வடக்கு மேலே இருக்கிறது. இப்போது அதன் கீழே, 11 மில்லிமீட்டருக்கு ஒன்றாகத் தெற்கின் கோடுகளைப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.