ஆறு கார் மட்டும் ஓடிய பந்தயம்

2005 அமெரிக்க கிராண்ட் பிரி ஃபார்முலா 1 கார் பந்தயம், இண்டியானாபொலிஸ். வெள்ளிக்கிழமை பயிற்சியில் சாய்தளமான 13-வது வளைவில் மிஷெலின் டயர் பழுதாகி ஓட்டுநர் ரால்ஃப் ஷூமாக்கரின் கார் சுவரில் மோதியது. அந்த வளைவில் முழு வேகத்தில் போனால் தங்கள் டயர் பத்துச் சுற்றுக்கு மேல் தாங்காது என்று டயர் நிறுவனமான மிஷெலினே சொல்லிவிட்டது. பந்தயமோ 73 சுற்று.

வேகத்தைக் குறைக்க அங்கே ஒரு சிக்கேன், அதாவது வளைந்து நெளிந்து போக வைக்கும் தடுப்பு, போடச் சொன்னார்கள் மிஷெலின் டயர் அணியினர். பந்தயத்தை நிர்வகிக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஐஏ மறுத்தது. சரியான டயரோடு வந்த பிரிட்ஜ்ஸ்டோன் அணிகளை ஏன் தண்டிக்க வேண்டும்? அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் பந்தயம் தொடங்கும் முன் விலகிய மிஷெலின் டயர் ஓட்டுநர்கள் 14 பேரைக் கோழைகள் என்பதை என்னால் ஏற்கவே முடியாது. வெடிக்கும் என்று தெரிந்த டயரில் யாரையும் உட்கார வைக்கக் கூடாது.

கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் அன்று நான்காவதாக வந்து 5 புள்ளி எடுத்தார். அதை ஓசியில் வந்தது என்பவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. அவர் கடைசி வரை ஓட்டினார், அவ்வளவுதான்.

உண்மையில் ஏமாந்தது காசு கொடுத்து வந்த ரசிகர்கள். மிஷெலின் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தந்தது, அடுத்த வருடத்துக்கு 20,000 டிக்கெட்டும் வாங்கித் தந்தது. அந்தப் பொறுப்பில் எஃப்ஐஏவும் பங்கெடுத்திருக்க வேண்டும்.