வெட்டிப்போட்ட ஏழு வினாடி

வானொலியில் நேர்காணல் செய்யத் தொடங்கிய மூன்றாவது வருடம், மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன், அதாவது பூரணை இரவுகளில் தண்ணீருக்கடியிலிருந்து இசைபோல் எழும் ஒலி பற்றிப் பேச விலங்கியல் விரிவுரையாளர் ஒருவரைக் கலையகத்துக்கு அழைத்திருந்தேன். கை நிறையத் தாள்களோடு வந்தார். அன்றைய ஆங்கிலேய ஆட்சியின் உயர் அதிகாரி எமர்சன் டெனண்ட் 1848இல் இங்கே இரவில் தோணியேறிப் போய் அந்த ஒலியைக் கேட்டதையும், அது ஊரி என்கிற சிப்பிப் பூச்சியின் சத்தம் என்று மீனவர்கள் அவரிடம் சொன்னதையும், 1859இல் வெளிவந்த தன் நூலில் அவர் அதை எழுதியதையும் அழகாகச் சொன்னார்.

"சரி சேர், முடிவா மீனா, ஊரியா?" என்று கேட்டேன்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஏழு வினாடி பேச்சே இல்லை.

"தெரியாது தங்கச்சி. ரெண்டு பூரணைக்குத் தோணியில போய்க் காத்துக் கிடந்தன். ஒருக்காக் கேட்டிச்சு. மறுகா கேக்கவேயில்ல."

அவ்வளவு நேரமும் தாளிலிருந்து வந்த தமிழ், அந்த இடத்தில்தான் எங்கள் ஊர்த் தமிழாக மாறியது. அதைத்தான் நான் வெட்டினேன். வானொலியில் மௌனம் பிழை என்று பழக்கியிருந்தார்கள். அதோடு, படித்த மனிதர் 'தெரியாது' என்றால் நேயர்கள் குறைவாக நினைப்பார்களோ என்றும் பயந்தேன்.

நிகழ்ச்சி போன மறுநாள் வாவிக்கரையிலுள்ள கல்லடியிலிருந்து ஒரு வயதான மீனவர் தொலைபேசியில் வந்தார். "மகள், அவர் நல்லாப் பேசினார். ஆனா ஒரு நாளாவது தோணியில போய்க் கேட்டிருக்காரா?" பூரணை இரவில், காற்று விழுந்த பிறகு, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டுப் பிடியைக் காதோடு வைக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்தது. ஆனால் அந்தப் பதிவை அழித்து, அதன் மேல் வேறு நிகழ்ச்சியைப் பதிந்துவிட்டிருந்தேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகு மௌனத்தில் கை வைப்பதில்லை. மட்டக்களப்புக் கோட்டையைப் பற்றிப் பேச வந்த வரலாற்று எழுத்தாளர், போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது, ஒல்லாந்தர் 1638இல் பிடித்தது எல்லாம் தடங்கலில்லாமல் சொன்னார். "கல்லைச் சுமந்தது யார்?" என்றதும் நின்றுவிட்டார். அந்த நிற்றல் அப்படியே ஒலிபரப்பானது. அரசியல் பேச வருகிறவர்களிடம் இது இன்னும் முக்கியம். அம்பாறைப் பக்கம் 1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம், அதோடு வந்த குடியேற்றம், அங்கே தமிழருக்கு எதிராக நடந்த 1956 வன்முறை என்று வரும்போது ஒருவர் எந்தச் சொல்லுக்கு முன்னால் தயங்குகிறார் என்பதை அந்தப் பக்கத்து நேயர்கள் உடனே பிடித்துவிடுவார்கள். அந்த மண்ணில் வயல் செய்கிறவர்கள் அல்லவா.

அப்புறம் விரிவுரையாளரையும் அந்த மீனவரையும் சேர்த்து ஒரு பூரணை இரவு தோணியில் கூட்டிப் போனேன். கல்லடியின் இரண்டு பாலங்களுக்கும் கிட்ட நின்றோம். பெரியவர் துடுப்பை இறக்கி, விரிவுரையாளரின் தலையை மெதுவாகச் சரித்து, பிடியை அவர் காதில் வைத்தார். ஒரு மணி நேரம் இருந்தோம். காற்று விழவில்லை, ஒன்றும் கேட்கவில்லை.

தோணிப் பலகையில் தண்ணீர் தட்டுவது, புதுப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் போவது, "இன்னும் கொஞ்சம் பொறுங்க சேர்" என்று பெரியவர் கிசுகிசுப்பது. எதையும் வெட்டாமல் ஒலிபரப்பினேன்.